நான்கு புள்ளி ஒன்று

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வருகைப் பதிவேடு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் டிகிரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனாக வேலைக்குச் சேர்ந்தவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இங்க எத்தனை டிகிரி?" என்பதுதான். "படிச்சு வாங்காத டிகிரியை ஃப்ரிட்ஜுகிட்ட கேட்டு வாங்கறாரு" என்று எக்ஸ்ரே அறைக்காரர் ஒருநாள் கேலி செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. போனை எடுத்தால் அவரே "டிகிரி பேசறேன்" என்பார்.

நான் ஸ்டோர் பார்த்தவள். ஆணி முதல் ஆக்ஸிஜன் குழாய் வரை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். டிகிரி அண்ணனின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் அந்த வாயையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அவரை மட்டும் புகழ்ந்தால் நான் மனுஷியே இல்லை.

அப்போது ஆஸ்பத்திரியில் குளிர்ப்பெட்டிகள் மொத்தம் இருபத்து மூன்று. தடுப்பூசிக்கு, ரத்தத்துக்கு, மருந்துக்கு என்று வார்டு வார்டாக இருந்தன. பின்கட்டில் இறந்தவர்களை வைக்கும் குளிர் அறையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்ணாடி தெர்மாமீட்டர் தொங்கும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பாதி நாள் பார்க்காமலே எழுதினார்கள். முந்தின வரியைப் பார்த்து எழுத எதற்குக் கதவைத் திறக்க வேண்டும்?

இதைச் சரிசெய்கிறேன் என்று அண்ணன்தான் வலியப் போய் மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கினார். ஒருநாள் காலை ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு ஸ்டோருக்கு வந்து என் மேஜையில் கொட்டினார். மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தலை, மூன்று கம்பிக் கால்கள். அப்படி முப்பது.

"டிரான்சிஸ்டரா அண்ணே?"

"பாக்கத்தான் அப்படி. இது வெப்பம் அளக்கற சிப்பு. தானே அளந்து, தானே கணக்குப் போட்டு, கேட்டா நம்பராவே சொல்லும்."

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அந்த ஜாதி போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் மேஜையிலேயே இடம் ஒதுக்கிக்கொண்டு ஒன்றை எடுத்து இணைத்தார். ஓரத்துக் கால் ஒன்று கிரவுண்டுக்கு, மறு ஓரத்துக் கால் மின்சாரத்துக்கு, நடுக்கால் பேச்சுக்கு. மூன்று கம்பியும், அண்ணன் கணினியில் நிரல் எழுதி ஏற்றியிருந்த ஒரு சின்ன மின்னணுப் பலகைக்குப் போயின. பலகையில் இருந்த திரையில் மைனஸ் நூற்று இருபத்தேழு என்று வந்தது.

"என் ஸ்டோர் அவ்வளவு குளிராவா இருக்கு?"

"அப்படி வந்தா, அந்தப் பக்கம் ஆளே இல்லன்னு அர்த்தம்." தலையைச் சொறிந்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "தங்கச்சி, நாலாயிரத்து எழுநூறு ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கா?"

என் ஸ்டோர் கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற ரகம். அன்றைக்கு அதிசயமாகக் கேட்டது கிடைத்தது. அதை நடுக்காலுக்கும் மின்சாரக் காலுக்கும் குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். "பேசற கம்பியை யாராவது ஒருத்தர் மேல தூக்கிப் பிடிச்சிருக்கணும். அப்பதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கீழ இழுத்து இழுத்துச் சேதி சொல்லிக்க முடியும். தொங்கிக் கிடக்கற கயித்துல எப்படி இழுத்துப் பேசறது?"

இந்த முறை திரையில் எண்பத்தைந்து வந்தது. ஒரு கண் சிமிட்டலுக்குப் பிறகு இருபத்தொன்பது புள்ளி நான்கு.

"இப்ப என்ன, கொதிச்சு ஆறிடுச்சா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை. "கரண்டு வந்து கண்ணு முழிச்சதும் அது கையில வெச்சிருக்கற நம்பர் எண்பத்தஞ்சு. 'நான் இருக்கேன், ஆனா இன்னும் அளக்கல'ன்னு அர்த்தம். முதல்ல நாம கம்பியை ஒரு இழு இழுத்து, யாராவது இருக்கீங்களான்னு கேக்கணும். இருக்கேன்னு அது பதிலுக்கு இழுக்கும். ஒவ்வொண்ணுக்கும் பிறக்கும்போதே ஒரு தனி நம்பர் உண்டு, ஒண்ணுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது. அதைச் சொல்லிக் கூப்பிடணும். அளன்னு சொல்லணும். சொல்லிட்டு முக்கால் செகண்டு பொறுக்கணும். அப்புறம்தான் எவ்வளவுன்னு கேக்கணும். பொறுக்காம கேட்டா பழைய பதிலையே சொல்லும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றேன்.

இரண்டே மாதத்தில் இருபத்து மூன்று பெட்டிகளுக்கும் சிப்பு போட்டு, கம்பியை வெளியே எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் திரை மாட்டிவிட்டார். கதவைத் திறக்காமலே எண் தெரிந்தது. நர்ஸுகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் முதல் மின்வெட்டு வரைதான். மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் இருபத்து மூன்று திரையிலும் ஒரு விநாடி எண்பத்தைந்து மின்னியது. குழந்தைகள் வார்டில் ஒரு புது நர்ஸ் அதைப் பார்த்து அரண்டு, ஒரு பெட்டித் தடுப்பூசியை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டாள். நன்றாக இருந்த மருந்து அங்கேதான் கெட்டது. தலைமை நர்ஸ் சண்டைக்கு வந்தார். எண்பத்தைந்தை ஒழிக்காவிட்டால் பழைய தெர்மாமீட்டரே போதும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னேன்.

"அது பொய்னு நமக்குத் தெரியும்தானே? எண்பத்தஞ்சு வந்தா கண்டுக்காதன்னு எழுதிடுங்க. அதுக்கு முன்னாடி சொன்ன நம்பரையே காட்டிட்டு இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய் இல்ல தங்கச்சி. இன்னும் அளக்கலன்னு சொல்லுது."

"எதுவா இருந்தா என்னண்ணே? நர்ஸுக்கு வேண்டியது ஒரு நம்பர். குடுத்துட்டுப் போங்க."

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அவர் அன்று சாயங்காலமே நிரலில் ஒரு வரி சேர்த்து, கடைசி எண்ணை மின்சாரம் போனாலும் மறக்காதபடி பலகையில் சேமித்தும் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. இரண்டு வருஷம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் வார்டில் இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள், கடல் தாண்டி வேறு நாட்டில் இருந்தாள். மூன்று நாளில் வந்துவிடுகிறேன், அம்மா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுவரை வைத்திருங்கள் என்று போனில் கெஞ்சியிருக்கிறாள். குளிர் அறையில் வைத்தார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு சாவிக்காரர். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த மனிதர். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினால் பழையதைத் திருப்பித் தரமாட்டார். கேட்டால் ஒரு மாதம் பேசமாட்டார். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவதில் மட்டும் பிசகமாட்டார். மூன்று நாளும் எழுதியிருந்தார். நான்கு புள்ளி ஒன்று, நான்கு புள்ளி ஒன்று என்று பக்கம் பக்கமாக.

திங்கட்கிழமை காலை மகள் வந்தாள். சாவிக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே அறை வெதுவெதுவென்று இருந்தது.

மற்றதைச் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணிடம் அம்மாவை முழுவதும் மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள். பார்க்காதே என்று எல்லோரும் சேர்ந்து அவளைத் தடுத்தார்கள். அவள் அந்தத் துணியின் மேல் முகம் இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றதை நான் ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கைதான் தெரிகிறது.

நடந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை ஒரு மின்வெட்டு. மின்சாரம் திரும்பியபோது குளிர் இயந்திரம் மட்டும் ஓடவில்லை. அதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். திங்கட்கிழமை பதறிப்போன சாவிக்காரர் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் ஓடியது. அதிகாரிகள் வந்து பார்க்கும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் நான்கு புள்ளி ஒன்று. இயந்திரமும் சரி, அளவும் சரி என்றால் தப்பு எங்கே? கதவைத் திறந்து போட்டுவிட்டு ஆள் எங்கோ போயிருக்கிறான், அல்லது உள்ளே போய்க் குளுகுளுவென்று தூங்கியிருக்கிறான் என்றார்கள். "மிஷின் ஓடாமதான் கெடந்தது சார், நான்தான் பொத்தானை அமுக்கினேன்" என்று சாவிக்காரர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் அவர் வேலை போகும் என்று முடிவாகிவிட்டது. ஓய்வூதியமும் அதோடு போகும். அவர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

பேருக்கு ஒரு வார்த்தை டிகிரி அண்ணனிடமும் கேட்டார்கள். "உங்க மீட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்லையே?" பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் பின்கட்டுக்குப் போனார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டிருந்தார். அதைக் கொடுக்க நானும் போனேன். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

அவர் அறைக்குள் கையை நீட்டிச் சிப்பைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். வெளியே தெரிந்த திரையையே பார்த்தார். மனிதக் கைச்சூடு பட்டால் அது முப்பதைத் தாண்ட வேண்டும். நானும் பார்த்தேன். நான்கு புள்ளி ஒன்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. நான்கு புள்ளி ஒன்று.

சிப்பைத் திருப்பினார். ஈரத்தில் மின்சாரக் கால் பச்சை பூத்து, பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. பேசுகிற கம்பி வழியாக வரும் கொஞ்சநஞ்ச மின்சாரத்தில்தான் அது உயிரோடு இருந்திருக்கிறது. கூப்பிட்டால் இருக்கேன் என்று சொல்ல அதற்குத் தெம்பு இருந்தது. அளக்கத் தெம்பில்லை. ஒவ்வொரு தடவை கேட்டபோதும் எண்பத்தைந்து, எண்பத்தைந்து என்று, எத்தனை நாளாகவோ, அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தள்ளிவிட்டு, என்றைக்கோ சொன்ன பழைய பதிலை அதன் வாயில் வைத்திருந்தோம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போது நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"ட்ராயர்ல புது சிப்பு இருக்குண்ணே. பத்து நிமிஷ வேலை. மாத்திட்டு, சரியா இருக்குன்னு சொல்லிடுங்க."

அவர் கையை நீட்டி, "குடு" என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழைய சிப்பைக் கம்பியோடு வெட்டி எடுத்தார். பலகையையும் கழற்றினார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த சாவிக்காரரிடம், "எந்திரிங்க, வாங்க என்கூட" என்று சொல்லி மாடிப்படி ஏறினார்.

மேலே அவர் சொன்னதை அறை வாசலில் நின்று கேட்டேன். "கதவை இவர் திறந்து போடல சார். என் மீட்டர் செத்துக் கிடந்திருக்கு. செத்தது தெரியாம இருக்கற மாதிரி எழுதினது நான்." யார் யோசனை அது என்று ஒருவர் கேட்டார். அண்ணன், "எழுதினது நான் சார்" என்று மறுபடியும் அதையே சொன்னார். வாசலில் நின்ற என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் நீளும் என் வாய் அந்த வாசலில் திறக்கவே இல்லை.

சாவிக்காரர் தப்பினார். அண்ணனுக்கு அதோடு குளிர்ப்பெட்டி வேலை போயிற்று. பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் கேட்டு வாங்கி, இருபத்து மூன்று பலகைகளிலும் அந்த வரியை எடுத்துவிட்டார். சிப்பு அளக்காவிட்டால் திரையில் எண்ணே வராது, 'தெரியவில்லை' என்று வரும்படி எழுதினார். பிறகு டியூப் லைட், மின்விசிறி, அடைத்துக்கொண்ட ஸ்விட்ச் என்று எட்டு வருஷம். எங்கள் மேலதிகாரிக்கு அவரை ஏணியில் பார்த்தால் ஒரு திருப்தி. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

அந்த வாரத்திலேயே அவர் இறந்துபோன அம்மாளின் மகளைத் தேடிப் போனார். நானும் வருகிறேன் என்றேன். அவர் பின்னால் நின்றாலாவது பாரம் குறையும் என்று ஏதோ ஒரு நப்பாசை. அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"தெரியலன்னு காட்டியிருக்கணும்மா. தெரிஞ்ச மாதிரி காட்டிடுச்சு. அப்படி எழுதினது நான்."

அவள், "எங்கம்மா முகம் கடைசியா எப்படி இருந்துச்சுன்னு இனிமே நான் யாரைக் கேக்கறது? உங்க மீட்டரையா?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. மன்னிப்பெல்லாம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அவர் போகவும் இல்லை.

திரும்பி வரும் வழியில், "அண்ணே, சொன்னது நான்தானே" என்று ஆரம்பித்தேன். "ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க, தங்கச்சி. கை என்னோடது" என்றார். அவ்வளவுதான். ஓய்வுபெறும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுக்காததாலேயே அது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது என் விஷயத்தில் வெறும் பழமொழி இல்லை.

அவருக்கு ஒரே மகன். அம்மா இல்லாத பிள்ளை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் ஸ்டோருக்கு வந்து, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். என்னை அத்தை என்பான். "அப்பா ஏன் அத்தை இப்பல்லாம் பல்பு மட்டும் மாத்தறாரு?" என்று ஒருமுறை கேட்டான். "தப்பு நடந்துபோச்சுடா" என்றேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. குளிர் அறைக் கதையை, அப்பாவின் தப்பாகவே, மற்றவர்கள் சொல்லி அவன் தெரிந்துகொண்டான். அவன் பெரியவனாகி, படித்து, வெளிநாடு போனான்.

போன மாதம் அண்ணன் இறந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். மகன் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதே குளிர் அறையில்தான் வைத்தார்கள். வேறு அறை கிடையாது.

நான் வேலையிலிருந்து நின்று வருஷம் ஒன்றாகிறது. இருந்தாலும் குழந்தைகள் வார்டுக்குப் போய் ஒரு கண்ணாடி தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது சாவி வைத்திருப்பவள் சின்னப் பெண். "திரைதான் இருக்கே ஆன்ட்டி" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். இரண்டு பகலும் அந்த வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போய், அவர் காலடியில் வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து, வெளியே வந்து திரையைப் பார்ப்பேன். மூன்று புள்ளி எட்டு. நான்கு புள்ளி மூன்று. கதவைத் திறந்தால் ஏறியது, மூடினால் இறங்கியது. அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபடி அது சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. என்னால்தான் நம்பி உட்கார முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை மகன் பெட்டியோடு நேராக வந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. கதவுப்பக்கம் போனவன் திரையைப் பார்த்து நின்றான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாதா? நான் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். உள்ளே போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மென்று மென்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தம்பி, அந்தத் தப்பு உங்கப்பா யோசனை இல்ல. என் யோசனை. நான் சொல்லித்தான் எழுதினாரு. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. அப்புறம் மூடி மறைக்கவும் சொன்னேன். அதுக்கு மட்டும் அவரு மாட்டேன்னுட்டாரு. என் பேரை யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல."

அவன் என் முகத்தையே பார்த்தான். வேறு யாராவது என்றால் நான் மேலே மேலே பேசி அந்த மௌனத்தை மூடியிருப்பேன். அன்று பேசவில்லை. சொல்லிவிட்டால் பொறுக்க வேண்டும் என்று அவனுடைய அப்பாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே.

அவன் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. திரையில் எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கால் வரவில்லை.

கதவு திறந்தது. அவன் கண் சிவந்திருந்தது.

"அப்பா முகம் அப்படியே இருக்கு அத்தை" என்றான். "வாங்க, நீங்களும் பாருங்க."